கன்னிமாரைக் கேட்காத கல்யாணம்

மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான். தோலை எப்படிப் பிடிப்பது, வளைவில் மெஷினை எப்படித் திருப்புவது, நூல் அறுந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பேன். அது பாதி வேலை. மீதிப் பாதி நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. அவர்களை ஆளாக்குவது என்று அதற்கு நான் பெயர் வைத்திருந்தேன். 'இவ நான் ஆளாக்குனவ' என்று எத்தனையோ பேரைத் தோளில் கைபோட்டு மேனேஜரிடம் காட்டியிருக்கிறேன். அதற்கு முன்னால் அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. இப்போது அந்த வார்த்தையை நான் யாரைப் பற்றியும் சொல்வதில்லை.

என் அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து இழுத்துப் போட்டு மயிர் எடுக்கிற வேலை. எங்கள் தெருவுக்கென்றே ஒரு வாடை உண்டு. எங்களுக்கு அது தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னை விட்டு நகர்ந்து நகர்ந்து ஒருநாள் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தே விட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், பிறகு வீட்டுக்கு வந்து அழுதேன். அன்றிலிருந்து சோப்பும் படிப்பும் திருத்தமான பேச்சும்தான் என்னைக் காப்பாற்றின. என்னைக் காப்பாற்றியது எல்லாரையும் காப்பாற்றும் என்று முழு மனதோடு நம்பினேன். கெட்ட எண்ணத்தில் நான் எதையும் செய்யவில்லை. இப்படிச் சொல்லிக்கொள்வதால் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் கம்பெனிக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. சுற்று ஊர்ப் பெண்களெல்லாம் வேறு வேறு கம்பெனிகளுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். அதனால் எங்கள் பஸ் ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் போகத் தொடங்கியது. அங்கே இருளர் குடியிருப்பு ஒன்று உண்டு. தார்ச் சாலை முடிகிற இடத்தில் பஸ் நின்றுவிடும், அங்கிருந்து ஒற்றையடிப் பாதை. ஆள் பிடிக்க நானே நேரில் போனேன். வேலைக்கு வந்தவர்கள் நாலைந்து பேர். ஒரு மாதத்துக்குள் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது என்ன பிழைப்பு என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஒருத்தி மட்டும் விடாமல் வந்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒல்லியாக, கண்ணை எடுக்காமல் பார்க்கிற பெண். நான் ஒருமுறை செய்து காட்டினால் போதும், அவள் கை அதை மறக்காது.

எனக்கு அவளைப் பிடித்துப் போனது. பிடித்துப் போனதுதான் வினை. மற்றவளாக இருந்தால் தையல் சொல்லிக்கொடுத்ததோடு விட்டிருப்பேன். இவளுக்குத் தலை வாருவதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். கேன்டீனில் யாராவது 'நீங்க இன்னா ஆளுங்க?' என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும், ஊர் எது என்றால் ஒடுகத்தூர் என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும், அவர்கள் வீட்டுப் பேச்சின் இழுவை தையல் லைனில் கேட்கக் கூடாது, அப்பா எலி பிடிக்கப் போவார் என்பதை வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. பொய் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கத்தான் சொன்னேன். இந்த வித்தியாசத்தை அன்றைக்கு ரொம்பப் பெரிதாக நினைத்தேன்.

ஒரு வருஷம் லைன் முழுவதையும் அமிர்திக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். அங்கே காட்டுக்குள் நடக்கும்போது ஒரு கொடியின் அருகே அவள் சட்டென்று நின்றாள். கொடியின் அடியைப் பார்த்தாள், காலால் மண்ணை லேசாகத் தள்ளினாள். கீழே கிழங்கு இருந்திருக்கும். கூட இருந்த பெண்கள் என்னடி பார்க்கிறாய் என்று கேட்டார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, செருப்பில் முள் என்று சொல்லிவிட்டு நடந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். 'தெரிஞ்சத தெரியாதுன்னு சொல்ல கத்துக் குடுத்துட்ட' என்றார். எனக்கு ஆத்திரம் வந்து அன்று அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை.

அவள் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அடங்கவில்லை. மாசி மாதம் வந்தால் லீவு கேட்பாள்.

இருளர்களுக்கு மாசி மகம்தான் எல்லாம். எங்கெங்கோ செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் வயலிலும் சிதறிக் கிடக்கிறவர்கள், அந்தப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் வந்து சேர்வார்கள். மணலிலேயே புடவையைக் கட்டி மறைப்புப் போட்டுத் தங்குவார்கள். விடியற்காலையில் அலை ஓரத்தில் மணலால் படி கட்டி, பூ வைத்து, கன்னிமாரைக் கும்பிடுவார்கள். ஏழு கன்னிகள், அவர்களுடைய குலதெய்வம். அவள் குடும்பத்தில் கன்னிமார் இறங்குவது அவள் அப்பா மேல். அவர் வாய்வழியாகக் கன்னிமாரைக் கேட்டுத்தான் பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள். கல்யாணம் அங்கேயே, மணலிலேயே நடக்கும். பிறந்த குழந்தைக்குப் பெயரும் கன்னிமார்தான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் குழந்தை வெறும் பாப்பாதான். இதையெல்லாம் அவள் எனக்கு வேலை கற்றுக்கொண்டே சொன்னாள். நான் மெஷினைப் பார் என்றேன்.

எங்கள் கம்பெனிக்கு மாசி மாதம் என்றால் ஷிப்மெண்ட். ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். மேனேஜர் என்னிடம், 'இந்த ஆளுங்கள நம்பி லைன் போட முடியாது மேடம், பௌர்ணமி வந்தா காணாம பூடுவாங்க' என்று சொல்லியிருந்தார். அவள் அப்படி இல்லை என்று நான் பந்தயம் கட்டாத குறையாகச் சொல்லியிருந்தேன். அதனால் முதல் வருஷம் அவள் லீவு கேட்டபோது, தரமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த ஒரு வருஷம் இருந்துவிடு, அடுத்த வருஷம் போகலாம் என்று கெஞ்சினேன். ஒரு வாரம் என் வீட்டிலேயே தங்கவைத்து, என் கையால் பிரியாணி செய்து போட்டேன். பௌர்ணமி அன்று அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். வருஷ முடிவில், லீவே போடாத தொழிலாளி என்று மேடையில் அவளுக்கு ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் நான்தான் பலமாகத் தட்டியிருப்பேன்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளையும் அவர்கள் ஆள்தான், மரம் அறுக்கிற மில்லில் வேலை. அமைதியான பையன், அவளைப் பார்த்தால் கண்ணெல்லாம் சிரிப்பு. மாசி மகத்துக்குக் கடற்கரையில் கன்னிமாரைக் கேட்டுக் கட்டி வைப்பதாகப் பேச்சு. அவள் லீவு கேட்டு வந்தாள். எனக்கு மனசே ஆறவில்லை. நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பெண், அவளுக்குக் கல்யாணம் மணல்மேட்டில், புடவை மறைப்பில், நாய்கள் திரிகிற இடத்திலா என்று தோன்றியது. ஷிப்மெண்ட்டும் மனசில் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போது யோசித்தால், ஷிப்மெண்ட்தான் முதலில் வந்தது என்று நினைக்கிறேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் முருகன் கோயிலில் பேசினேன். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் குறித்தேன். சர்ச்சுக்குப் போகிற நான் ஐயரிடம் பஞ்சாங்கம் பார்த்தது என் வீட்டுக்காரருக்கே வேடிக்கையாக இருந்தது. பட்டுப் புடவை என் செலவு, தாலி லைன் பெண்கள் சேர்ந்து வாங்கியது, சாப்பாடு கம்பெனி கேன்டீன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அவளிடம் சொன்னபோது அவள் 'சரி மேடம்' என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான் எதைச் சொன்னாலும் அவள் 'சரி மேடம்' என்றுதான் சொல்வாள், அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

அவள் அப்பா கம்பெனி கேட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். நான் அவரை 'வாப்பா, இன்னாப்பா விஷயம்' என்றுதான் கூப்பிட்டேன். என் அப்பாவைத் தோல் ஷாப் கணக்குப்பிள்ளை 'டேய்' போட்டு அழைத்ததற்காக ஆயுசு முழுக்கக் கோபப்பட்டவள், இதைக் கவனிக்கவே இல்லை. அவர் சாது கீது ஒன்றும் இல்லை. பேச்சுக்குப் பேச்சு சிரிப்பார், டீக்கடையில் பன்னை டீயில் முக்கிச் சாப்பிடுவார், செக்யூரிட்டியிடம் ரிஜெக்ட் ஆன ஷூ ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்பார். அன்றைக்கு மட்டும் டீ வேண்டாம் என்றார்.

'கன்னிமாரக் கேக்காம எப்டிம்மா கட்டறது?' என்றார். 'அதுங்களுக்குத் தெரியாத கல்யாணம் எங்கள்ல கல்யாணம் இல்லம்மா.'

சாமி எல்லா இடத்திலும் இருக்கிறது, கடலில் கேட்டால் என்ன, கோயிலில் கேட்டால் என்ன என்று நான் சொன்னேன். உன் பெண் நாலு பேர் மதிக்க வாழ வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். எந்தத் தகப்பனும் அதற்கு வேண்டாம் என்று சொல்லமாட்டான், எனக்கு அது தெரியும், தெரிந்துதான் கேட்டேன். அவர் கேட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார், மகள் கண்ணில் படுவாளா என்று. அவள் லைனில் இருந்தாள். நான் கூப்பிட்டு விடவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அவளுடைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கோயில் மண்டபத்துக்குள் வராமல் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்க் கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்தேன், போட்டோவில் ஓரமாக நிற்கவைத்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பசியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேஜார் பிடித்த ஜனம், நல்லது செய்தாலும் ஏற்காது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. போட்டோ இன்னும் பயிற்சி அறைச் சுவரில் இருக்கிறது. அவள் அப்பா அதில் கேமராவைப் பார்க்கவில்லை.

மறுவருஷம் மாசிக்கு முன்பே அவர் திரும்பவும் வந்தார். இந்த முறை கோபமெல்லாம் இல்லை, சுலபமான வழி ஒன்றோடு வந்திருந்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரைக்கு வரட்டும். கழுத்தில் இருப்பதை அவிழ்த்து வைத்துவிட்டு, கன்னிமார் முன்னால் ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் போதும், எல்லாம் நேராகிவிடும். நான் கட்டிவைத்ததைத் தப்பென்று அவர் சொல்லவே இல்லை, அதற்குமேல் ஒன்று சேர்த்துக்கொள்ளத்தான் கேட்டார். அந்த வாரம் எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டி கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவளை அப்போது சூப்பர்வைசராக உயர்த்தியிருந்தோம். மலை ஜனத்துப் பெண் லைன் நடத்துகிறாள் என்று அவர்களிடம் காட்டுவதற்கு மேனேஜர் ஆசைப்பட்டார். கல்யாணம் ஆனவர்களுக்கு மறுபடி என்ன கல்யாணம், ஊர் சிரிக்கும் என்று சொல்லி நான் அவரைத் திருப்பி அனுப்பினேன். இருளர் என்பதை லைனில் மறைக்கச் சொல்லிக்கொடுத்தவள், வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது அவளை முன்னால் நிறுத்தி அதையே சொல்லிக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

போன வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாதனூரில் அவர்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு நான் போவேன். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டால், இன்னும் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம் என்பாள். பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் வேண்டும் என்று நர்ஸ் சத்தம் போட்டும் அவள் கொடுக்கவில்லை. எல்லாவற்றிலும் கடைசியில் எனக்குச் 'சரி மேடம்' சொன்னவள் இதில் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பெயருக்காக அவள் மாசிக்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. அது புரிந்த அன்றுதான் முதல்முறையாக எனக்குள் ஏதோ உறுத்தியது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். 'அது ஒண்ணாவது அவங்ககிட்ட மிச்சம் இருக்கட்டும்' என்றார்.

இந்த வருஷம் ஆர்டர் கம்மி. லீவு போடுங்கள் என்று கம்பெனியே சொன்னது. அவள் என்னிடம் வந்து, மாசி மகத்துக்குப் போகிறேன் என்றாள். தாராளமாகப் போய் வா என்றேன், ரொம்பப் பெருந்தன்மையாக. அவள் போகாமல் நின்றாள்.

'நீங்களும் வாங்க மேடம்' என்றாள். 'நான் போய் ரொம்ப நாளாய்டுச்சி. அங்க எப்டி இருக்கணும்னே மறந்து பூட்ச்சி. பயமா கீது.'

அவளுடைய சொந்தத் தாய் தகப்பனிடம் போவதற்கு அவளுக்குத் துணை வேண்டியிருந்தது, அந்தத் துணை நானாக இருந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கிளம்பிவிட்டேன். நேராக்கிவிடலாம் என்று நினைத்தேன். இதையும் நான்தான் நேராக்க வேண்டும் என்று நினைத்தேன், அந்தப் புத்தி எனக்குப் போகவே இல்லை.

வாடகை வேனில் அவள், புருஷன், குழந்தை, நான். சாயங்காலம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கு பார்த்தாலும் புடவை மறைப்புகள், அடுப்புப் புகை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சிரிக்கிற பெண்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூவித் தேடுகிறவர்கள். அவ்வளவு இருளர்களை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ச் சாலை ஓரங்களில் தலையைக் குனிந்து நடந்து போகிறவர்கள் இங்கே சத்தமாகப் பேசினார்கள். அவள் வேனை விட்டு இறங்கியதும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். யார் வீட்டுப் பெண் என்று இரண்டு மூன்று பேர் அவளைக் கேட்டார்கள். அவள் அப்பா பெயரைச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் அம்மா ஓடிவந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டியவள், அவள் புடவையையும் பக்கத்தில் நின்ற என்னையும் பார்த்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டு 'வாங்க' என்றாள். எங்கள் இருவரையும் சேர்த்துச் சொன்னாள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விடியற்காலையில் அலை ஓரத்தில் படி கட்டினார்கள். ஈர மணலைக் கையாலேயே தட்டித் தட்டி ஏழு படி. ஒவ்வொரு படியிலும் பூவும் வெற்றிலையும் பழமும். அவள் அப்பா முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். கேட்டில் ஷூ கேட்டு நின்ற மனிதர் அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு ஆடியது, குரல் மாறியது, பெண்பிள்ளைக் குரல் மாதிரி மெலிந்து ஒலித்தது. வேதாகமத்தைத் தவிர வேறெதையும் நம்பாத எனக்கு மயிர் சிலிர்த்தது. ஒரு கல்யாணம் கேட்டார்கள், சரி என்று வந்தது, அங்கேயே கட்டினார்கள். ஒரு குழந்தைக்குப் பெயர் கேட்டார்கள், செத்துப்போன ஒரு கிழவியின் பெயர் வந்தது. அந்தக் குழந்தையின் அம்மா அதைக் கேட்டதும் குழந்தையின் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லி அழுதாள், சிரித்தாள்.

பிறகு என்னோடு வந்தவள் போய்த் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றேன். அவள் அப்பா கண்ணைத் திறக்காமல் ரொம்ப நேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

'இவ கல்யாணம் எங்களுக்குத் தெரியாது' என்று வந்தது. 'தெரியாத வூட்டுப் புள்ளைக்கு நாங்க எப்டி பேர் சொல்லுவோம்?'

கூட்டத்தில் யாரும் கலங்கவில்லை. இதற்கு வழி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் அம்மா ஒரு மஞ்சள் கயிற்றைக் கையில் தயாராக வைத்திருந்தாள், மூன்று வருஷமாக அதை வைத்திருந்தாளோ என்னவோ. கழுத்தில் இருப்பதை அவிழ்த்து இந்தப் படியில் வைத்துவிடு, இதைக் கட்டிக்கொள், பிறகு பெயர் கேட்கலாம் என்றாள். மாப்பிள்ளை உடனே முட்டி போட்டு உட்கார்ந்தான், அவனுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அவள் தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

'அவுக்கக் கூடாதும்மா' என்றாள். 'அவருக்கு ஆவாது.'

அவள் அம்மாவுக்குப் புரியவில்லை. அவர்களுக்குள் தாலி என்பது ஒரு கயிறு, அறுந்தால் இன்னொன்று கட்டிக்கொள்வது. அந்த அம்மாவே முதல் புருஷனை விட்டு வந்து இவள் அப்பாவைக் கட்டியவள், அதை மறைத்ததும் இல்லை. இன்னாடி ஆவும், யார் சொன்னது என்று மகளைக் கேட்டாள்.

நான்தான் சொன்னது. கோயிலில் தாலி ஏறியதும் அவள் காதருகே குனிந்து, உயிரே போனாலும் இதைக் கழட்டக் கூடாது, கழட்டினால் புருஷனுக்கு ஆகாது என்று சொன்னேன். கல்யாண வீட்டில் எல்லாரும் சொல்கிற பேச்சு. நான் அதை நம்பினதுகூட இல்லை. நம்பாத ஒன்றை அவளுக்குள் வைத்திருக்கிறேன், அது அங்கே வேர் பிடித்திருக்கிறது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் 'அவுத்துடும்மா, ஒண்ணும் ஆவாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் 'சரி மேடம்' என்று அவிழ்த்திருப்பாள். அத்தனை வருஷமாக அவள் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் வாய் திறந்தவள் நான். அன்றைக்கு மட்டும், இது அவர்கள் விஷயம், இனிமேலாவது நான் தலையிடக் கூடாது என்று நினைத்தேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். என் ஜென்மத்தில் நான் செய்த பெரிய பாவம் அந்த மௌனம்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மற்றதையெல்லாம் திருப்ப வழி இருந்தது.

நான் பேசாததை அவள் 'அவிழ்க்காதே' என்று எடுத்துக்கொண்டாள். தாலியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். அலை வந்து கீழ்ப்படியைத் தொட்டது. பின்னால் இன்னும் எத்தனையோ பேர் குழந்தைகளோடு காத்திருந்தார்கள்.

அவள் அப்பா கண்ணைத் திறந்தார். என்னை நேராகப் பார்த்தார். கோபமே இல்லை, ஒரு கணக்கை முடித்துவைக்கிறவர் மாதிரி இருந்தது.

'கட்டி வெச்சவங்க பேர் வெக்கட்டும்' என்றார்.

அது தண்டனை இல்லை. அவர்கள் முறைப்படி, யார் முன்னின்று கட்டிவைத்தார்களோ அவர்கள் வீட்டுக் குழந்தைதான் அது. எனக்கு வழி விட்டார்கள். என்னைக் கைப்பிடித்து முன்னால் கூட்டிப்போனார்கள், நான் அவர்களைக் கோயில் மண்டபத்துக்குள் அழைத்துப் போனதைவிட மென்மையாக. குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம் என்றால் அது இன்னும் பெயரில்லாமல் போகும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அலை ஏறிக்கொண்டிருக்கிறது. யோசிக்க நேரம் இல்லை. எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் தங்கள் பெண்களுக்கு வைத்திருக்கிற ஒரு பெயர் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். ஷ வருகிற, வடக்கத்தி வாசனை அடிக்கிற பெயர். அவர்கள் கூட்டத்தில் செத்தவர் யாருக்கும் அந்தப் பெயர் இருந்திருக்காது.

'நல்ல பேரு மேடம்' என்றாள் அவள். அவள் முகத்தில் நிம்மதிதான் இருந்தது. வருகிற வாரமே சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று புருஷனிடம் சொன்னாள். அவள் அப்பா அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் கூட்டத்தை விட்டு விலகி மணலில் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பேத்தியை இடுப்பில் வைத்திருந்தாள். என் அருகே உட்கார்ந்து, குழந்தையின் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு இடறியது. மறுபடி சொன்னாள். இன்னும் ஒருமுறை, மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

'சரியா சொல்றனா மேடம்?' என்று கேட்டாள்.

சரியாகத்தான் சொன்னாள். நான் தலையாட்டினேன்.